சுவருக்குக் காசு கொடுப்பவன் யார்?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கிருஷ்ணன்கோவில் விலக்கில் வத்திராயிருப்பு பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்தேன். நான்கு இளைஞர்கள் ஸலாம் சொல்லி வந்தார்கள். நம் வட்டாரத்துப் பிள்ளைகள்தான். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஊரை மட்டும் சொல்கிறேன் என்று மற்ற ஊர்க்காரர்கள் தப்பித்துக்கொள்வீர்கள்! டீக்கடையில் உட்கார வைத்தார்கள். ஒருவர் பையிலிருந்து புத்தம்புது ரசீதுப் புத்தகம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நம்ம தெரு பாதுகாப்பு நிதி" என்று அச்சிட்டிருந்தது.

"ஹஜ்ரத், தெருவோட ரெண்டு முனையிலும் இரும்பு கேட் போடப் போறோம். தெற்குப் பக்கம் காலி இடத்துல ஆள் உயரத்துக்கு மேல சுவர். ஜமாஅத்துப் பெரியவங்க யோசிக்கிறாங்க. நீங்க முதல் ரசீது எழுதிட்டா யாரும் மறுக்க மாட்டாங்க."

ஏன் என்று கேட்டேன். சொன்னார்கள். ஊர்வலம் வந்தபோது பள்ளிவாசல் முன்னால் மட்டும் வேண்டுமென்றே நின்று கூச்சல் போட்டது, இரவு பன்னிரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிள்களில் தெரு வழியே உறுமிக்கொண்டு போனது, ஒரு பாயின் கடைக் கண்ணாடி உடைந்தது எல்லாம் சொன்னார்கள். பொய் ஒன்றும் இல்லை. அந்தக் கடைக்காரரை எனக்குத் தெரியும். உடைந்த கண்ணாடிக்கு எந்த இன்சூரன்சும் பணம் தரவில்லை.

நான் ரசீது எழுதவில்லை. "இரண்டு வாரம் பொறுங்கள், தம்பிகளே" என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கி வந்துவிட்டேன். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான். கேட் போட நினைக்கும் எல்லாத் தெருக்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வியாபாரிகளே! உங்களில் பலர் சரக்கு எடுக்கச் சென்னை மண்ணடிக்கும் பாரிமுனைக்கும் போய் வருகிறவர்கள். சென்ட்ரலில் இறங்கி வால்டாக்ஸ் ரோடு வழியாக நடந்திருப்பீர்கள். லாரி புக்கிங் ஆபீஸ்களில் மூட்டை போட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? நான் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் கிதாபுகள் வாங்க உஸ்தாத் என்னை மண்ணடிக்கு அனுப்புவார். வால்டாக்ஸ் என்பது ஏதோ வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்றே பல நாள் நினைத்திருந்தேன். மண்ணடியில் ஒரு வயதான பேப்பர் வியாபாரி சிரித்தார். "துரை பேரு இல்லப்பா. வால் என்றால் சுவர், டாக்ஸ் என்றால் வரி. சுவர் வரி!"

அந்தச் சுவரின் கதையைக் கேளுங்கள்.

1639ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கடற்கரையில் ஒரு துண்டு மணல் நிலம் வாங்கிக் கோட்டை கட்டினார்கள். இன்றைக்கு நம் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கிற புனித ஜார்ஜ் கோட்டைதான் அது. கோட்டை மட்டும் இருந்தால் பிழைப்பு நடக்குமா? நெசவாளி வேண்டும், சாயம் போடுகிறவன் வேண்டும், தரகன் வேண்டும். முப்பது ஆண்டுகளுக்குத் தீர்வை இல்லை, வந்து குடியேறுங்கள் என்று அழைத்தார்கள். வந்தார்கள். தெலுங்கு வணிகர்களும் தமிழ் நெசவாளிகளும் வந்தார்கள். முஸ்லிம்களும் வந்தார்கள். ஆர்மீனியர்கள்கூட வந்தார்கள். ஊர் பெருகியது. பெருகியதும் ஒரு கோடு விழுந்தது. மதிலுக்குள்ளே இருந்தது வெள்ளையர் பட்டணம். மதிலுக்கு வடக்கே இருந்தது கறுப்பர் பட்டணம். ஆங்கிலத்தில் அந்தப் பெயரிலேயே வரைபடத்தில் எழுதி வைத்தார்கள், வெட்கமில்லாமல்! உள்ளே இருந்தவன் உண்ட உணவும் உடுத்த துணியும் அவன் கப்பலில் ஏற்றிய சரக்கும் வெளியே இருந்தவன் கை உழைப்பு.

வெளியே இருந்தவர்களாவது ஒற்றுமையாக இருந்தார்களா? அதுவும் இல்லை. வலங்கைச் சாதி, இடங்கைச் சாதி என்று இரண்டு அணிகள். யார் கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதில் சண்டை. 1707ல் அது முற்றியபோது தாமஸ் பிட் என்ற கவர்னர் பஞ்சாயத்துக்கு வந்தார். பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்து எல்லைக்கல் நட்டார். அந்தத் தீர்ப்பு பிடிக்காமல் ஒரு பகுதி மக்கள் சாந்தோமுக்கே வெளியேறினார்கள். தம்பிகளே, முன்னூறு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் நம் ஊர்ச் சண்டைகள் எதில் தொடங்குகின்றன? எந்தத் தெருவில் எந்த ஊர்வலம் என்பதில்தானே! நம் சண்டைக்கு எல்லைக்கல் நட ஒரு துரை எப்போதும் காத்துக்கொண்டே இருக்கிறான்.

இப்போது வரிக்கு வருவோம். கறுப்பர் பட்டணத்துக்கும் காவல் வேண்டும், அதற்கான செலவை அங்கே குடியிருப்பவர்களே தர வேண்டும் என்று கம்பெனி நெடுநாளாகச் சொல்லி வந்தது. 1686ல் வீட்டுக்கு வீடு வரி போட்டார்கள். மக்கள் கொதித்தார்கள். கடைகளை அடைத்தார்கள். வேலையை நிறுத்தினார்கள். கோட்டைக்குள் அரிசி போகாமல் தடுத்தார்கள். கடையடைப்பு என்பது நேற்று வந்த கட்சிகள் கண்டுபிடித்த ஆயுதம் அல்ல, பாருங்கள்! கம்பெனி மிரட்டி அடக்கியது.

1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டணத்தில் ஒரு பகுதியை அவர்களே இடித்தார்கள். 1749ல் ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. மீதியை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள்! கோட்டைப் பீரங்கி சுடுவதற்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமாம். நூறு ஆண்டுகளாகக் குடியிருந்த வீடுகள், கடைகள், தெருக்கள் எல்லாம் போயின. அந்த ஊரின் பெரிய கோயிலான சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் 1757ல் இடித்தார்கள். பிறகு பூக்கடைப் பக்கம் மாற்று இடம் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்கிற இடம்தான் அந்தப் பழைய பட்டணம். வழக்குக்காக அங்கே போய் மர நிழலில் உட்காருகிறவர்கள், ஒரு ஊரின் சமாதி மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அறிவதில்லை. அதற்கு மேல் யாரும் கட்டக்கூடாது என்று 1773ல் ஆறு எல்லைத் தூண்களை நட்டார்கள். அதில் ஒன்று இன்னும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் நிற்கிறது. அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

பணக்காரனாக இருந்தால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726ல் தன் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டிக் கொடுத்தார். ஊருக்கு அவ்வளவு செய்த சமூகம் அது. 1749க்குப் பிறகு கம்பெனி என்ன முடிவெடுத்தது தெரியுமா? ஆர்மீனியர்கள் வெள்ளையர் பட்டணத்துக்குள் குடியிருக்கக்கூடாது! அவர்கள் வெளியேறி வந்த தெருதான் இன்றைய ஆர்மீனியன் தெரு என்று சொல்லி முடித்துவிடலாம். கதை அதைவிடச் சிக்கலானது. ஆனால் கதவு சாத்தப்பட்டது உண்மை.

சரி, கடைசிச் சுவர். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தபோது புதிய கறுப்பர் பட்டணத்துக்கு மதில் இல்லை. படை நேராக உள்ளே நுழைந்து சூறையாடியது. கோட்டைக்குள் இருந்த வெள்ளையர்கள் பத்திரமாக இருந்தார்கள். 1767ல் மைசூர்க் குதிரைப்படை, இளைஞர் திப்புவும் அதில் வர, சென்னையின் ஓரங்களைக் கலங்கடித்தது. 1769ல் ஹைதர் அலியே சென்னை வாசலுக்கு வந்து நின்று, கம்பெனியைச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார். அந்தப் பயத்தில்தான் கறுப்பர் பட்டணத்துக்குப் பெரிய மதில் எழுந்தது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தே செல்வம் குவித்த அதே பென்ஃபீல்டு! மதில் எந்தப் பக்கம் கட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். வடக்கே கட்டினார்கள், மேற்கே கட்டினார்கள். கிழக்கே கடல். தெற்கே? தெற்கே மதில் இல்லை. அங்கே வெட்டவெளி, அதற்கப்பால் கோட்டை, கோட்டையின் மேல் பீரங்கி. வெளியிலிருந்து வருகிறவனுக்குச் சுவர். உள்ளே இருக்கிற நம் ஆளை நோக்கித் திறந்த பீரங்கி வாய். இதற்குப் பெயர் பாதுகாப்பு!

"உங்களைக் காக்கத்தானே கட்டினோம், செலவைக் கொடுங்கள்" என்று 1772ல் சுவர் வரி போட முனைந்தார்கள். அப்படி வரி போடச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்ற சந்தேகம் எழுந்ததால் அது வசூலாகவே இல்லை. வசூலாகாத வரியின் பெயர் மட்டும் ரோட்டுக்கு ஒட்டிக்கொண்டது. வ.உ.சி. சாலை என்று பெயர் மாற்றிய பிறகும் லாரி ரசீதில் வால்டாக்ஸ் ரோடு என்றுதான் வருகிறது. மதில் என்ன ஆயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் வளர்ந்து நெரிந்தபோது, இடைஞ்சல் என்று இடித்தார்கள். யானைக்கவுனியில் யானையும் இல்லை, கவுனியும் இல்லை. பழைய ஜெயில் ரோட்டில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. அதன் தலைமேல் பூங்கா வைத்து மாடிப் பூங்கா என்றார்கள்.

"அது வெள்ளைக்காரன் கதை ஹஜ்ரத், நமக்கென்ன?" என்பீர்கள். சரி, பக்கத்து ஊருக்கு வாருங்கள். கிருஷ்ணன்கோவிலிலிருந்து மதுரை ரோட்டில் டி.கல்லுப்பட்டி போய், பேரையூர் வழியாகத் திரும்பினால் எழுமலை. அதன் பக்கத்தில் உத்தப்புரம். 1989ல் அங்கே சாதிக் கலவரம். அதன்பின் சாதி இந்துக்கள் தலித் மக்களின் குடியிருப்பை மறித்து ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். கேட்டால் சமாதானத்துக்காக என்றார்கள், ஒப்பந்தப்படி என்றார்கள். தலித் மக்கள் மெயின் ரோட்டுக்குச் சுற்றிப் போனார்கள். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, பத்தொன்பது ஆண்டுகள்! 2008ல் அந்தச் சுவரின் மேல் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சியது வெளியே தெரிந்தது. தீண்டாமை ஒழிப்பு இயக்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் போராடியபின் 2008 மே 6ஆம் தேதி மாவட்ட நிர்வாகம் போலீஸ் காவலோடு வந்து சுவரை உடைத்தது. எவ்வளவு தெரியுமா? 15 அடி! அந்த 15 அடிக்கே சுவர் கட்டியவர்கள் ரேஷன் கார்டை ஒப்படைத்துவிட்டு, ஊரைக் காலி செய்து மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். அவர்களை அங்கிருந்து யாரும் விரட்டவில்லை. சுவர் இல்லாமல் வாழ்வது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. 2011ல் உடன்பாடு கண்டு தலித் மக்கள் ஊர்க் கோயிலுக்குள் நுழைந்ததுவரை அந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இடையில் துப்பாக்கிச் சூடும் நடந்து உயிரும் போனது.

அதே 1989ல்தான், நவம்பர் 9ஆம் தேதி, பெர்லின் சுவர் விழுந்தது. அங்கே மக்கள் சம்மட்டியால் உடைத்துக்கொண்டிருந்த ஆண்டில் நம் மதுரை மாவட்டத்தில் கொத்தனார் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்! 1961 ஆகஸ்ட் 13ஆம் தேதி விடிவதற்குள் முள்கம்பி இழுத்து அந்த நகரத்தைப் பிளந்தார்கள். பின்பு கான்கிரீட், காவல் கோபுரம், நடுவே மரண நிலம். அதைக் கட்டிய கிழக்கு ஜெர்மனி அரசும் அதற்குப் 'பாதுகாப்பு அரண்' என்றே பெயர் வைத்தது. கிழக்கிலிருந்து தொழிலாளி வருவது நின்றதும், மேற்கு ஜெர்மனி அதே ஆண்டு அக்டோபரில் துருக்கியோடு ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டது. அப்படிப் போன நம் துருக்கிச் சகோதரர்களுக்கு வாடகை குறைந்த இடம் எங்கே கிடைத்தது? யாரும் குடியிருக்க விரும்பாத சுவர் ஓரத்தில், குரொய்ஸ்பெர்க் பகுதியில்!

அங்கே ஒரு பெரியவர் இருந்தார், உஸ்மான் காலின் என்று பெயர். சுவர் கட்டும்போது வளைவைத் தவிர்க்க நேராக இழுத்ததால் கிழக்குக்குச் சொந்தமான ஒரு முக்கோணத் துண்டு நிலம் மேற்குப் பக்கம் நின்றுவிட்டது. குப்பை கொட்டிக் கிடந்தது. 1980களில் இவர் குப்பையை அள்ளிவிட்டு வெங்காயமும் பூண்டும் போட்டார். கிழக்கு ஜெர்மனிக் காவலர்கள் வந்து விசாரித்தார்கள். பெரியவர் தோட்டம் போடுகிறார், சுரங்கம் தோண்டவில்லை என்று கண்டு போய்விட்டார்கள். சுவர் போனது, அதைக் கட்டிய அரசும் போனது. அந்தத் தோட்டம் இருக்கிறது.

ஜெருசலத்தைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. 2002 முதல் எழுந்த சுவர் அபூதீஸ் ஊரின் வழியே வந்து எரிகோ போகும் பழைய ரோட்டை அறுத்ததும், வாடிக்கையாளர் ஒரு பக்கமும் கடை ஒரு பக்கமுமாக வியாபாரம் செத்ததும் உங்களுக்குத் தெரியும். 2004 ஜூலை 9ஆம் தேதி சர்வதேச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று கருத்துச் சொன்னபோது இனிப்பு வழங்கியவர்கள் நாம். அந்தச் சுவரையும் கட்டியவர்கள் 'பாதுகாப்பு வேலி' என்றுதான் அழைக்கிறார்கள். அதைத் திட்டிவிட்டு, நம் தெருவுக்கு அதே பெயரில் ரசீது அடிக்கிறோமே!

இனி நான் சொல்லப்போவது கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை கோட்டைமேடு. 1997 நவம்பர் இறுதியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். நம்மவர்களின் ஜவுளிக்கடைகள் தீயில் எரிந்தன. அந்த அநியாயத்தை யாரும் மறக்கவில்லை. ஆனால் 1998 பிப்ரவரி 14ல் என்ன நடந்தது? தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். மருத்துவமனையில் நின்றவர், ரோட்டில் நடந்தவர், கடையில் உட்கார்ந்தவர். அதைச் செய்தவர்கள் யாரைக் காப்பாற்றினார்கள்? ஒருவரையும் இல்லை. கோட்டைமேட்டைச் சுற்றிப் போலீஸ் சோதனைச்சாவடிகள் பல ஆண்டுகள் நின்றன. கோட்டைமேட்டுப் பிள்ளை காலேஜுக்குப் போகும்போது பெயர் சொல்லிப் போனான். வரும்போது பெயர் சொல்லி வந்தான். சுவர் எழுப்ப நாம் செங்கல் வாங்க வேண்டியதில்லை, தம்பி. நம்மில் நாலு பேரின் ஆத்திரம் போதும், அரசாங்கமே இலவசமாகக் கட்டித் தரும்!

அந்த டீக்கடையில் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "ரஸூலுல்லாஹ்வே மதீனாவுக்கு அகழி வெட்டலையா ஹஜ்ரத்?" நல்ல கேள்வி. எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, சீராவை நினைவில் வைத்திருக்கிறான். ஹிஜ்ரி ஐந்தில், ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் யோசனைப்படி அகழி வெட்டியது உண்மை. எங்கே வெட்டினார்கள்? ஊருக்கு வெளியே, பெரும்படை வரும் வடக்குத் திசையில். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவே அல்ல. வந்தது முற்றுகையிட வந்த படை. கறிக்கடைக்குக் கறி வாங்க வந்த பக்கத்துத் தெருக்காரர் அல்ல. வெட்டும்போது நபி (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். நம் கேட்டுக்குக் காவல் நிற்கப்போவது யார்? இரவு பன்னிரண்டு மணிக்குச் சாவி யாரிடம் இருக்கும்? பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்ற ஆம்புலன்ஸ் வரும்போது அந்தச் சாவிக்காரர் தூங்கினால்? இதற்கெல்லாம் பதில் யோசிக்காமல்தான் ரசீது அடித்திருக்கிறார்கள்.

வியாபாரிகளே, உங்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் நம் மஹல்லாக்காரர்கள்? ராஜபாளையத்து மில் தொழிலாளியும், வத்திராயிருப்புத் தோப்புக்காரரும், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு வரும் கூட்டமும் சேர்ந்துதானே கல்லாவை நிரப்புகிறார்கள்? 1997ல் நம் மாவட்டம் சாதிக் கலவரத்தில் எரிந்தபோது பஸ் ஓடாத நாட்களில் ஷட்டரை இறக்கிவிட்டு எத்தனை நாள் கடன் வாங்கிச் சாப்பிட்டீர்கள்? பூட்டிய தெருவுக்கு வாடிக்கையாளர் வரமாட்டார். ரசீதில் கொடுக்கும் ஐந்நூறு ரூபாயோடு சுவர் வரி முடிவதில்லை. தினமும் கல்லாவில் குறையும் பணமும் அதே வரிதான்.

பயத்தை நான் மறுக்கவில்லை. உடைந்த கண்ணாடி உடைந்ததுதான். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலம் புகார் கொடுத்து அதற்கான ரசீதை வாங்கினீர்களா? வாங்கவில்லை. ஊர்வலத்துக்கு முன் நடக்கும் சமாதானக் கூட்டத்துக்குத் தாசில்தார் அழைத்தபோது ஜமாஅத்திலிருந்து யார் போனார்கள்? ஒருவர் போனார், அவரும் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திரும்பினார். தெருமுனையில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லை. நீங்கள் கேட் போட நினைக்கிற அதே முனையில்!

ரசீதுப் புத்தகம் என் மேஜையில் இருக்கிறது. மூன்று பேர் ஏற்கெனவே பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று அடிக்கட்டையில் பார்த்தேன். அவர்களிடம் கேளுங்கள், சம்மதித்தால் அந்தப் பணத்தில் முனைக்கு இரண்டு விளக்கும் பாயின் கடைக்குக் கண்ணாடியும் போடுவோம். சம்மதிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு நான் ஊருக்கு வருகிறேன். அந்தப் பக்கத்துத் தெருவின் நாட்டாமையையும் அழைத்திருக்கிறேன்; வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தைப் பள்ளிவாசல் மாடியில் வைக்க வேண்டாம். அவர் கூச்சப்படாமல் வந்து உட்கார, மெயின் ரோட்டு டீக்கடையிலேயே பெஞ்சு போடச் சொல்லுங்கள்.